கைமாறும் கடைகள்: பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை

கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடை விலைக்கு வந்திருப்பதை அந்தக் கடையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அடுப்பு எரியும், இலை போடுவார்கள், கல்லாவில் இருப்பவர் வழக்கம்போல் சிரிப்பார். செய்தி காய்கறி இறக்குபவர் வாயிலாகவோ கணக்கு எழுதிக் கொடுப்பவர் வாயிலாகவோதான் கசியும். வெளியே தெரிந்தால் சமையல் மாஸ்டர் வேறு இடம் பார்த்துக்கொள்வார், மளிகைக்காரர் பழைய பாக்கியை உடனே கேட்பார், கடையின் மதிப்பு ஒரே வாரத்தில் இறங்கிவிடும்.

என் பெரியப்பா மகன் அங்கே பிறந்து வளர்ந்தவர். ஒரு ஹோட்டல் சமையலறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். புதிதாகக் கடை திறப்பதைவிட, நடந்துகொண்டிருக்கும் கடை ஒன்றை எடுத்து நடத்துவது மேல் என்று முடிவு செய்திருந்தார். ‘டேக் ஓவர்’ என்றுதான் அங்கே எல்லாரும் சொல்கிறார்கள். நான் மதுரையிலிருந்து போயிருந்த சமயம் அவர் மும்முரமாகக் கடை தேடிக்கொண்டிருந்தார். அவரும் அண்ணியும் கிளம்பும்போதெல்லாம் நானும் கூடவே போனேன். இரட்டைக் கோபுரமும் பத்துமலையும் காட்டாத கோலாலம்பூரை இந்தக் கடை தேடல் எனக்குக் காட்டியது.

முதல் கடை பிரிக்பீல்ட்ஸில். 1881இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த பிறகு, மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையும் வேண்டாம், செங்கல்லில் கட்டுங்கள் என்று பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் உத்தரவு போட்டார். அந்தச் செங்கல் சூளைகள் இருந்த இடம் இது. பிறகு ரயில்வே வந்தது. ரயில்வேயோடு யாழ்ப்பாணத்து எழுத்தர்களான கிராணிகளும் தமிழ்நாட்டுக் கூலிகளும் வந்தார்கள். ஜாலான் ஸ்காட்டில் இலங்கைத் தமிழர்களின் கந்தசுவாமி கோயில், சற்றுத் தள்ளி 1904இல் கட்டிய விவேகானந்தா ஆசிரமம், ஜாலான் பெர்ஹாலாவில் சிங்களவர்களின் புத்த விகாரை. எல்லாம் நடக்கும் தூரம்தான். பார்வையற்றோர் சங்கம் இங்கே இருப்பதால், பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையங்களும் வரிசையாக உண்டு. வெள்ளைக் கோலோடு நடப்பவர்களுக்குக் கடைக்காரர்கள் தன்னியல்பாக வழி விடுகிறார்கள். 2001இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறந்தது. 2010 அக்டோபரில் அப்போதைய பிரதமர்கள் நஜிப்பும் மன்மோகன் சிங்கும் சேர்ந்து ‘லிட்டில் இந்தியா’வைத் தொடங்கி வைத்தார்கள். அதற்குப் பிறகு இந்தப் பகுதியின் வாடகை யாருக்குக் கட்டுப்படியாகிறது என்பதே இங்கே கடை வைத்திருப்பவர்களின் தினசரிப் பேச்சு.

கடை இருந்த தெருவின் பெயர் ஜாலான் துன் சம்பந்தன். கடை வாங்கப் போகிற மனிதரோடு அந்தப் பெயர்ப் பலகையின் கீழ் நிற்கையில் ஒன்று நினைவுக்கு வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரத் துரைகள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பியபோது, அங்கே தலைமுறையாகப் பால்வெட்டியவர்கள் தெருவுக்கு வந்தார்கள். வி.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், சிறு தவணைகளில் தொழிலாளர்களின் பணத்தையே திரட்டி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அந்தச் சங்கம் வாங்கிய முதல் தோட்டம். விலைக்கு வந்ததை உள்ளே இருப்பவர்களே வாங்கி நடத்தலாம் என்று காட்டிய மனிதரின் பெயர் அந்தத் தெருவுக்கு. கடை விற்பனையைப் பற்றி நான் யோசித்ததெல்லாம் அந்தக் கண்ணோடுதான்.

மதியம் கூட்டமான நேரத்தில் அந்தக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மலேசிய வாழையிலைச் சாப்பாட்டுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. சோறு, மூன்று காய், அப்பளம், மோர்மிளகாய், ரசம் எல்லாம் ஒரே விலையில், கேட்கக் கேட்கப் போடுவார்கள். ஆட்டு வறுவல், கோழிப் பெரட்டல், நண்டு, சோத்தோங் (கணவாய்) என்று தட்டில் வைத்துக் கொண்டுவந்து காட்டுவார்கள். எடுத்தால் தனிக் கணக்கு. கடையின் லாபம் அந்தத் தட்டில்தான் இருக்கிறது. இலையைப் போட்டுவிட்டு வெறும் ரசத்தோடு எழுந்து போகிறவர்கள் அதிகமானால் கூட்டம் நிரம்பி வழிந்தாலும் கல்லா நிரம்பாது. அண்ணன் சமையலைப் பார்த்தார். அண்ணி ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை செய்கிறவர். அவர் ஆட்களைப் பார்த்தார்: எத்தனை மேசை நிரம்புகிறது, எத்தனை பேர் தட்டிலிருந்து எடுக்கிறார்கள், எத்தனை பொட்டலம் ‘தாப்பாவ்’ கட்டிப் போகிறது, உணவு விநியோகச் செயலிகளின் பையன்கள் எத்தனை முறை வருகிறார்கள். செயலி வழியாகப் போகும் சாப்பாட்டில் 30 விழுக்காடு வரை கமிஷன் போய்விடும் என்பதால் அதைத் தனியாக எழுதிக்கொண்டார்.

கடைக்காரர் நாளுக்கு 4,500 வெள்ளி, அதாவது ரிங்கிட், வியாபாரம் என்றார். விலை 250,000 வெள்ளி. அண்ணி சாப்பிட்ட ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வருஷத்துக்குப் பதினாறு லட்சம் வெள்ளிக்கு மேல வருது அண்ணே, நீங்க சொல்ற கணக்குப்படி. பதினஞ்சு லட்சத்தைத் தாண்டினா சர்வீஸ் டெக்ஸ் கட்டணும். இந்த ரசீதுல ஆறு பர்சண்ட் எங்க?”

கடைக்காரர் பேச்சை மாற்றினார். வியாபாரம் அவர் சொன்ன அளவுக்கு இல்லை, அல்லது இருந்தும் வரி கட்டவில்லை. இரண்டில் எது உண்மையானாலும் வாங்குகிறவர் விலையைக் குறைத்தாக வேண்டும். இப்படி ஒரு ரசீதைக் கொண்டு கடையின் கதையை வாசிக்கும் ஆற்றல் எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது. இன்னொன்றும் அண்ணி சொன்னார். விற்கிறவரின் கணக்குப் புத்தகத்தைப் பிறகு கேட்கலாம், முதலில் இலைக்காரரின் பில்லைக் கேட்க வேண்டும். வாழையிலை மறுநாளைக்குத் தாங்காது. அதனால் யாரும் தேவைக்கு மேல் வாங்கி வைப்பதில்லை. மாதத்துக்கு எத்தனை கட்டு இலை வந்தது என்று தெரிந்தால் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று தெரிந்துவிடும். அரிசி மூட்டையையும் எரிவாயு உருளையையும் வைத்து அதைச் சரிபார்க்கலாம்.

அப்படிப் போட்ட கணக்கு நாளுக்கு 2,800 வெள்ளியில் நின்றது. மாதம் 84,000. சரக்குக்கு நூற்றுக்கு நாற்பது போனால் 33,600. பத்து ஆட்கள், ஆளுக்குச் சராசரி 2,100 என்றால் 21,000. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி ஆகிவிட்டது. வாடகை 9,000. மின்சாரம், தண்ணீர், எரிவாயு 6,000. பழுது, சில்லறைச் செலவு 4,000. மிச்சம் 10,400. அண்ணனும் ஒரு ஆளாக நின்று உழைப்பார், அவருக்குச் சம்பளம் 5,000 என்று வைத்தால் கடை தரும் லாபம் மாதம் 5,400 மட்டுமே. போட்ட 250,000 திரும்பி வர ஏறக்குறைய நான்கு வருடம். வாடகை ஒப்பந்தத்திலோ பாக்கி இருந்தது 14 மாதம், புதுப்பிக்கும் உரிமையும் அதில் எழுதப்படவில்லை.

அந்த இடத்தில் பிரிக்பீல்ட்ஸ் கடை முடிந்துபோனது. மலேசியாவில் கடை வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு, மூன்று வருடத்துக்குத்தான் போடுகிறார்கள். மூன்று வருடத்துக்கு மேல் என்றால் நில அலுவலகத்தில் குத்தகையாகப் பதிய வேண்டும், கட்டட உரிமையாளர்கள் அதற்கு இணங்குவது அரிது. முன்பு வேறு காலம் இருந்தது. 1948 ஜனவரி வரை கட்டிய கடைவீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. 1966 சட்டம் அதை உறுதிப்படுத்தியது. பழைய நகரங்களில் சிறு கடைகள் தலைமுறைக் கணக்கில் ஒரே முகவரியில் இருந்ததற்கு அது ஒரு காரணம். 1997இல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். 1999 முடிவோடு கடைசிப் பாதுகாப்பும் போனது. இப்போது கடையை விற்கிறவர் தன்னிடம் இல்லாத ஒன்றையும் சேர்த்து விற்கிறார்: அந்த இடத்தில் தொடர்ந்து இருக்கும் உரிமை. ஆகவே கடைக்காரரிடம் விலை பேசுவதற்கு முன் கட்டடக்காரரிடம் போய் உட்கார வேண்டும். புதிய ஆளுக்குப் புதிய ஒப்பந்தம் தருவாரா, எத்தனை வருடம், வாடகை எவ்வளவு ஏற்றுவார் என்று கேட்டு எழுதி வாங்காமல் முன்பணம் கொடுப்பவர், மேசை நாற்காலிக்கும் பழைய அடுப்புக்கும்தான் இரண்டரை லட்சம் கொடுக்கிறார்.

அடுத்த கடையைப் பார்க்கக் கிள்ளானுக்குக் கேடிஎம் ரயிலில் போனோம். கோலாலம்பூரை ஆற்றோரத் துறையோடு இணைக்க 1886இல் புக்கிட் கூடா வரை போட்ட பாதைதான் இந்த வழித்தடத்தின் தொடக்கம். சுபாங் ஜெயா, ஷா ஆலாம் என்று வெளியே அடுக்குமாடிகளும் கிடங்குகளும் ஓடுகின்றன. இந்த நிலப்பரப்பில் பெரும்பகுதி ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி கேட்டும், துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க மாட்டோம் என்றும் வேலை நிறுத்தம் செய்தார்கள். ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் அவர்களோடு நின்றார். அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். இன்று தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன, அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு துணி எடுக்க, நகை பார்க்க, சாப்பிட அவர்கள் வந்து சேரும் தெரு கிள்ளானின் தெங்கு கிளானா. 2024 பிப்ரவரியில் கிள்ளான் அரச மாநகரமாக உயர்ந்தது. பழைய நகரத்துக் கடைத்தெருக்களில் ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இதுதான் அண்ணனுக்குப் பிடித்தது. பிரிக்பீல்ட்ஸில் சாப்பிடுகிறவர் ரயிலேறிப் போய்விடுவார், மறுபடி வருவாரா தெரியாது. கிள்ளானில் வருகிறவர் திரும்பத் திரும்ப வருகிறவர். ஒருநாள் ரசம் சரியில்லை என்றால் கல்லாவில் நின்று சொல்லிவிட்டுப் போவார், மறுநாளும் வருவார். கடையை வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது இந்த மனிதர்களின் பழக்கத்தை. ஆகவே அந்தப் பழக்கத்தை யார் உண்டாக்கி வைத்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பது முக்கியம். சில கடைகளில் அது கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி. அவர் போனால் கூட்டமும் போகும். நாங்கள் பார்த்த கடையில் அது மாஸ்டர்.

முதலாளி எழுபது தாண்டிய பெரியவர். பிள்ளைகளில் ஒருவர் பொறியாளர், ஒருவர் ஆஸ்திரேலியாவில். கடையை எடுத்து நடத்த வீட்டில் ஆளில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் இந்தக் கதைதான். அடுப்படியில் வெந்தவர்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், படித்த பிள்ளைகள் அடுப்படிக்குத் திரும்ப வேண்டியதில்லை. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அப்பாவுக்கு வயதானதும் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிடுவதே வழி என்று நம் மக்கள் நினைத்துக்கொள்வது எனக்கு வேதனையாக இருக்கிறது. முப்பது வருடம் உழைத்துச் சேர்த்த பெயரையும் பழக்கத்தையும் பத்து ஆட்களின் பிழைப்பையும் ஒரே இரவில் குப்பையில் போடுவது அது. தகுந்த ஆளிடம், தகுந்த கணக்கோடு கைமாற்றிக் கொடுப்பது நமக்குத் தெரியாத வித்தையும் அல்ல. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் லேவாதேவி நடத்திய நகரத்தார் கடைகளில், ஏறத்தாழ மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஏஜெண்ட் மாறுவார். போகிறவர் வருகிறவரிடம் பேரேட்டை வரவு, பற்று, நிலுவை என்று ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பலேறுவார். அந்த ஒழுங்கு சாப்பாட்டுக் கடைக்கும் வர வேண்டும்.

மாஸ்டர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். மசாலாவை அவரே அரைப்பார், மீன்குழம்புக்குப் புளி கரைக்கும் பொறுப்பை யாரிடமும் கொடுக்க மாட்டார். என்னிடம் ஊர்ப் பேச்சு பேசியவர், தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

“கடை கைமாறுனா என் பெர்மிட் என்னங்க ஆகும்?”

எல்லாமே அந்த ஒரு கேள்வியில் வந்து நின்றது. அயலகத் தொழிலாளரின் வேலை அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டது. கடையையும் சாமான்களையும் மட்டும் அண்ணன் வாங்கினால், அவர் புது முதலாளி. மாஸ்டரின் அனுமதி கடையோடு சேர்ந்து அவரிடம் வந்துவிடாது. உணவகத் துறைக்கு வெளிநாட்டு ஆள் எடுப்பது மலேசியாவில் பல வருடமாக இழுபறி. இந்திய உணவகக்காரர்களின் பிரிமாஸ் சங்கமும், இந்திய முஸ்லிம் உணவகக்காரர்களின் பிரெஸ்மா சங்கமும் அரசிடம் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. புது மாஸ்டரைக் கொண்டுவரும் வரை கடையில் ருசி இருக்காது. நகராண்மை உரிமமும் பழையவர் பெயரில் இருப்பது, புதியவர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஊழியர்கள் எல்லாரும் உணவு கையாளும் பயிற்சியும் டைஃபாய்டு ஊசியும் முடித்திருக்க வேண்டும், சுகாதாரத் துறை அதைக் கேட்கும்.

ஆனால் பெரியவர் கடையை ஒரு செண்டிரியான் பெர்ஹாட்டாக, அதாவது தனியார் நிறுவனமாகப் பதிந்திருந்தார். இதை அண்ணி முதலிலேயே கவனித்து, நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் கட்டணம் கட்டி அதன் விவரத்தை எடுத்து வைத்திருந்தார். கடைக்குப் பதிலாக நிறுவனத்தின் பங்குகளை வாங்கினால் முதலாளி மாறுவதில்லை. நிறுவனம் அதே நிறுவனம், பங்குதாரர்களும் இயக்குநர்களும் மட்டும் வேறு. பெர்மிட், உரிமம், மின்சாரக் கணக்கு எல்லாம் அதன் பெயரிலேயே நிற்கும். பங்கு மாற்றத்துக்கு முத்திரை வரியும் நூற்றுக்கு 0.3 தான்.

இதில் ஆபத்தும் அதே அளவுக்கு உண்டு. நிறுவனத்தை வாங்கினால் அதன் பழைய கடன்களையும் வாங்குகிறோம். கட்டாத வருமான வரி, தொழிலாளர் சேமநிதியான ஈபிஎஃபில் செலுத்தாமல் விட்ட முதலாளியின் பங்கு, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் பாக்கி, எங்கோ ஒரு வங்கியில் கையெழுத்துப் போட்ட கடன், பத்து வருடத்துக்கு முந்தைய வழக்கு எல்லாம் கூடவே வரும். சாமான்களை மட்டும் வாங்கினால் கடன் வராது, மாஸ்டரும் வரமாட்டார். நிறுவனத்தை வாங்கினால் மாஸ்டர் இருப்பார், கடனும் இருக்கும். சாப்பாட்டுக் கடை கைமாறும்போது கிள்ளான் பள்ளத்தாக்கில் பலர் இந்த முடிச்சில்தான் சிக்குகிறார்கள் என்று நினைக்கிறேன். நண்பர், உறவினர் என்ற நம்பிக்கையில் ஒரு தாளில் எழுதிக் கைகுலுக்கிவிட்டு, பிறகு வரித்துறைக் கடிதம் வந்ததும் உறவே முறிந்துபோகிறது.

ஆட்களைப் பற்றியும் சட்டம் பேசுகிறது, கடை விற்கிறவர்கள் இதை அதிகம் பேசுவதில்லை. 1980ஆம் ஆண்டின் பணிநீக்கப் பலன் விதிகளின்படி, தொழில் கைமாறும்போது புது முதலாளி ஏழு நாளுக்குள் பழைய சம்பளத்துக்கும் சலுகைக்கும் குறையாமல் வேலை தருவதாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆட்களுக்குப் பலன் கொடுத்தாக வேண்டும்: இரண்டு வருடத்துக்குக் குறைந்தவர்களுக்கு வருடத்துக்குப் பத்து நாள் சம்பளம், ஐந்து வருடம் வரை பதினைந்து நாள், அதற்கு மேல் இருபது நாள். பாத்திரம் கழுவும் அக்கா ஒருவர் அந்தக் கடையில் பதினெட்டு வருடம். அவருக்குச் சேர வேண்டிய தொகையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு வருடச் சம்பளம். கடை விலையில் இதை யாரும் எழுதுவதில்லை. பங்கு வாங்கினால் இந்த வருடங்களும் தொடர்ந்து எண்ணப்படும். அதை ஒரு சுமையாகப் பார்க்காமல், கடையின் பெயரைச் சம்பாதித்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியாகப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அண்ணனும் அப்படியே பார்த்தார். அதனால்தான் அவர் கடை எடுப்பதில் எனக்கு மகிழ்ச்சி.

மாலையில் தெங்கு கிளானாவில் பூக்கடைகளுக்கு விளக்கு போட்ட நேரம், பெரியவரின் கடையில் கடைசி மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். தே தாரிக் தேநீர் வந்தது. அண்ணன் தன் பக்கத்தை எழுதியே கொண்டுபோயிருந்தார். பங்குகளாக வாங்குவது. விலையில் பாதி இப்போது, மீதி வழக்கறிஞரின் கணக்கில் ஆறு மாதம் இருக்கும். வருமான வரியும் ஈபிஎஃபும் பாக்கி இல்லை என்று கடிதம் வந்தபின் விடுவிக்கப்படும். கடை கைமாறுவதற்கு முந்தைய காலத்துக் கடன் எது வந்தாலும் பெரியவர் பொறுப்பு. கட்டடக்காரர் மூன்று வருட ஒப்பந்தமும், அதை இன்னும் மூன்று வருடம் நீட்டிக்கும் உரிமையும் எழுதிக் கொடுத்தால்தான் கையெழுத்து. பெரியவர் இரண்டு மாதம் காலையில் கல்லாவில் வந்து உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு அண்ணனை அறிமுகப்படுத்த வேண்டும். யாரையும் வேலையிலிருந்து நிறுத்தப்போவதில்லை.

பெரியவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். பாதிப் பணத்தை நிறுத்தி வைப்பது அவருக்கு வருத்தம்.

“என்னை நம்பலையா தம்பி?”

“உங்கள நம்புறேங்க ஐயா. உங்க பழைய கணக்குப்பிள்ளையத்தான் எனக்குத் தெரியாது.”

அதில் அவர் சற்று இளகினார். ஆறு மாதம் நான்கானது. விலையில் இருபதாயிரம் வெள்ளி இறங்கினார். மற்றதற்கெல்லாம் சம்மதித்து, தன் பங்குக்கு ஒன்று கேட்டார். கடைக்குத் தன் மனைவியின் பெயரை வைத்திருந்தார், அவர் காலமாகிச் சில வருடம் ஆகிறது. பலகையில் அந்தப் பெயர் அப்படியே இருக்க வேண்டும். அண்ணன் உடனே தலையாட்டினார். அண்ணி தாளில் அதையும் ஒரு வரியாக எழுதிச் சேர்த்துவிட்டுப் பெரியவரிடம் நீட்டினார்.

“பேரு இருக்கட்டும் ஐயா, அது எங்களுக்கும் நல்லதுதான். கடைசி மூணு வருஷத்து ஈபிஎஃப் தாளையும் இலைக்காரர் பில்லையும் மட்டும் வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க.”